வீண் வேலை எது?

"ஹஜ்ரத், உருவம் ஏதும் இல்லாமல் வெறும் நிறங்களை மட்டும் வரைந்தால் கூடுமா?"

மஃரிப் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்றபின், ஹவுழின் கரையில் நின்றபடி எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் தரையில் பதிக்கும் வெள்ளை டைல்ஸ் கல் ஒன்று இருந்தது. யாரோ வீடு கட்டி மீந்ததைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அதன் வழுவழுப்பான முகத்தில் நீலமும் பழுப்புமாக நிறங்கள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் உறைந்து கிடந்தன. மனிதன் இல்லை, மிருகம் இல்லை, மரம் செடிகூட இல்லை. மேகம் என்று நினைத்தால் மேகம். மழைநீர் தேங்கிய சுரங்கம் என்று நினைத்தால் சுரங்கம். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வாட்டர் கலரைக் கரைத்து ஊற்றியதாகச் சொன்னார்.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "தம்பி, ஹராம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீண் வேலை. இந்த நேரத்தில் நாலு பக்கம் குர்ஆன் ஓதியிருக்கலாமே" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பக்கத்துக் குழாயைத் திறந்து கல்லை அதன் கீழே பிடித்தார். கண்மூடித் திறப்பதற்குள் நிறமெல்லாம் கரைந்து ஓடி, கல் பழையபடி வெள்ளையாகிவிட்டது. "சரிங்க ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நல்ல நஸீஹத் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு நானும் வீட்டுக்குப் போனேன்.

ஒரு மாதம் சென்றிருக்கும். அவருடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டாரிடம் பேசிவிட்டுப் போனார். "அவன் அத்தா மௌத்தானதிலேர்ந்து புள்ள ராத்திரி தூங்குறதில்லம்மா. அந்தக் கலரைக் கரைச்சு வச்சுக்கிட்டு உக்காந்தாத்தான் கொஞ்சம் மனசு அடங்கும். ஹஜ்ரத் வீண் வேலைன்னு சொன்னதிலேர்ந்து அதையும் விட்டுட்டான். இப்ப விடிய விடிய செல்போனைப் பாத்துக்கிட்டுக் கெடக்குறான். நான் ஹஜ்ரத்தைக் குறை சொல்ல வரல. புள்ளைக்காக துஆ செய்யச் சொல்லுங்க."

வாசக அன்பர்களே! குறை சொல்ல வரவில்லை என்று அந்தத் தாய் சொன்ன சொல்தான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. ஹலாலையும் ஹராமையும் நாவுக்கு வந்தபடி சொல்வதை ஸூரத்துந் நஹ்லின் 116ஆம் வசனம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். ஹராம் என்ற சொல்லை நான் உபயோகிக்கவில்லைதான். ஆனால் ‘வீண்’ என்ற சொல்லும் ஒரு தீர்ப்புதானே? அதைச் சொல்வதற்கு முன் அந்த வேலை என்ன, செய்பவர் யார், ஏன் செய்கிறார் என்று ஒரு கேள்வியாவது கேட்டேனா?

எனவே முதலில் கிதாபுகளைப் புரட்டினேன். பிறகு அந்த வாலிபரின் வீட்டுக்கே போனேன். இரண்டிலும் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

உருவப் படம் பற்றிய எச்சரிக்கைகள் ஸஹீஹான ஹதீஸ்களில் வந்திருப்பது யாவரும் அறிந்ததே. கையால் உருவங்கள் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் அந்த எச்சரிக்கையை எடுத்துரைத்தார்கள். வந்தவர் நிறம் மாறிப் பெருமூச்சு விட்டார். அவரை அப்படியே விரட்டிவிடாமல், செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று ஒரு வழியையும் அவர்கள் காட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில், மரம் முதலிய உயிரற்றவற்றை வரைவது ஹராமாகாது என்று தெளிவுபடுத்துகிறார்கள். கனி தரும் மரத்தை மட்டும் முஜாஹித் (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதையும் அங்கேயே குறிப்பிடுகிறார்கள். மரத்துக்கே அனுமதி இருக்கும்போது, மரமும் இல்லாத வெறும் நிறத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆக, ‘கூடுமா’ என்ற கேள்விக்கு ‘கூடும்’ என்பதே பதில். அதை நான் அன்றே முகமலர்ச்சியுடன் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கூடும் என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. வெற்றிபெற்ற முஃமின்களின் அடையாளங்களைச் சொல்லும்போது, வீணானவற்றை விட்டும் விலகியிருப்பதை ஓர் அடையாளமாகத் திருமறை எண்ணுகிறது. உருவமும் சொல்லாத, கடைக்கும் போகாத, குழாயடியில் காட்டினால் மறைந்துவிடுகிற ஒரு வேலை வீணா, இல்லையா? கடினமான கேள்வி இதுதான்.

அவர் வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். டைல்ஸ் கல், பழைய படச்சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடி, எவர்சில்வர் தட்டு, பளபளப்பான காலண்டர் தாள் ஆகியவற்றை வரிசையாக வைத்திருந்தார். நான் கேட்டுக்கொண்டபின் மெல்ல ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். சாதாரணக் காகிதத்தில் நீர்வண்ணத்தை வைத்தால் காகிதம் அதைக் குடித்துவிடுகிறது. வைத்த இடத்தில் நிறம் நின்றுவிடுகிறது. வழுவழுப்பான தளமோ ஒரு சொட்டையும் குடிப்பதில்லை. நிறம் அதன் மேலேயே மிதக்கிறது. சாய்த்தால் ஓடுகிறது, ஊதினால் விலகுகிறது, கண்ணாடியிலும் எவர்சில்வரிலும் முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. ஒரு துளி சோப்பு நீரைச் சேர்த்தால் அந்தத் திரட்சி உடைந்து பரவுகிறது. ஆவியாகித்தான் அது காயவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கிறது. காய்ந்ததும் ஒவ்வொரு திட்டின் ஓரத்திலும் ஓர் அழுத்தமான கோடு தெரிகிறது.

மேசையில் சிந்திய தேநீர் காய்ந்தாலும் இதே கோட்டைப் பார்க்கலாம். ஓரத்தில் நீர் விரைவாக ஆவியாவதால் நடுவிலுள்ள நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே சேர்க்கிறது. 1997ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள். நாம் தினமும் துடைத்துப் போடும் கறைக்குள்ளும் அல்லாஹ் தஆலா வைத்த ஒழுங்கு ஒன்று இருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

அப்போது அந்த வாலிபர் கேட்டார்: "ஹஜ்ரத், நீர் தானாக ஓடுது, நிறம் தானாகச் சேருது. இதை நான் வரைஞ்சேன்னு சொன்னா பொய்யாகுமா?"

ஏழு வருடம் மதரஸாவில் ஓதியவனுக்கு இந்தக் கேள்வியின் ஆழம் புரியாமல் போகுமா? மனிதன் காற்றில் பறக்கும் இறகு, அவனுக்குச் செயலே இல்லை என்றது ஜபரிய்யாக் கூட்டம். தன் செயலை மனிதனே படைக்கிறான் என்றனர் முஃதஸிலாக்கள். இரண்டுக்கும் நடுவே, படைப்பவன் அல்லாஹ், அதைத் தேடிக்கொள்பவன் அடியான் என்று ‘கஸ்பு’ என்னும் கொள்கையை இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்கள் நிலைநாட்டினார்கள். பல நாள் கிதாபில் படித்த அந்தப் பாடத்தை அன்று ஒரு டைல்ஸ் கல்லில் கண்டேன். நீரின் ஓட்டம் அவருடையது அல்ல. ஆனால் கல்லைச் சாய்த்தது அவர். எந்த நிறம் என்று நாடியது அவர். போதும் என்று நிறுத்தியது அவர். அந்தச் சாய்ப்புக்குத்தான் அவர் பொறுப்பாளி. உவமைக்கும் ஓர் எல்லை உண்டு: நீர், சரிவு, கை, நாட்டம் எல்லாமே அவன் படைப்புத்தான். எனவே "வரைந்தேன் என்று சொல்லலாம், படைத்தேன் என்றுதான் சொல்லக்கூடாது" என்று பதில் சொன்னேன். அன்று முதல்முறையாக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த வேலை நம் முன்னோர்க்கு அந்நியமானதும் அல்ல. இஸ்லாமிய நாடுகளில் குர்ஆன் பிரதி எழுதிய கத்தாத்துகள் காகிதத்தை அப்படியே உபயோகிக்கவில்லை. கஞ்சிப் பசையும், படிகாரம் கலந்த முட்டை வெள்ளைக் கருவும் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ‘ஆஹார்’ என்று அதற்குப் பெயர். விளக்குப் புகைக்கரியோடு அரபிப் பிசின் சேர்த்த மை அந்தத் தளத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். இன்றைய வாட்டர் கலரிலும் நிறத்தைக் கட்டுவது அதே அரபிப் பிசின்தான். எழுத்துப் பிழைத்தால் ஈரத்தால் துடைத்துத் திருத்திக்கொள்ளலாம். சிலர் நாவாலேயே துடைத்தார்களாம். படித்தவரைத் துருக்கியில் ‘மை நக்கியவர்’ என்று சொல்லும் வழக்கு அதிலிருந்து வந்ததே.

அதே துருக்கியரிடம் ‘எப்ரூ’ என்றொரு கலை உண்டு. பசை கலந்து கெட்டியாக்கிய நீரின்மேல் மாட்டுப் பித்தநீர் சேர்த்த நிறங்களைத் தெளித்து, அவை பரவியபின் காகிதத்தை மேலே விரித்து எடுப்பார்கள். மேகத்தைப் போன்ற காகிதம் என்ற பொருளில் பாரசீகத்தில் இதை ‘அப்ரீ’ என்றார்கள். நம் நாட்டில் தக்காணத்து பீஜப்பூரிலும் 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கலை சிறந்திருந்தது. 1773ஆம் ஆண்டு வஃபாத்தான ஹத்தீப் முஹம்மது எஃபெந்தி என்பவர் இஸ்தான்பூல் அயாஸோஃபியா பள்ளியின் கத்தீப். எப்ரூவில் அவர் கண்ட ஒரு வகை இன்றும் அவருடைய கத்தீப் பதவியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளிதோறும் மிம்பரில் ஏறியவர் மற்ற நாட்களில் நீரின்மேல் நிறம் தெளித்தார் என்றால், நான் இந்த வாலிபரிடம் அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாமே!

நம் பாட்டன்மாரும் ஓதப் பள்ளியில் மரப்பலகையில் எழுதி, மனனம் ஆனதும் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதினார்கள். பலகையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் அந்த எழுத்து வீண் என்று எவராவது சொன்னதுண்டா? எழுத்து பலகையை விட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குப் போய்விட்டது. இங்கேதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒரு வேலை வீணா என்பதை, செய்த பொருளில் என்ன மிஞ்சியது என்று பார்த்துச் சொல்ல முடியாது. செய்தவனிடம் என்ன மிஞ்சியது என்று பார்க்க வேண்டும்.

அந்த வாலிபரிடம் என்ன மிஞ்சியது? தகப்பனாரை இழந்தவருக்கு ஒரு மணி நேர அமைதி. தம் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்தபோது கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. ஒப்பாரியைத் தடுத்த நாயகம் கண்ணீரைத் தடுக்கவில்லை. கண்ணீரும் கன்னத்தில் ஒரு கோடு கீறிக் காய்ந்து போகிறது. அதை யாரும் வீண் என்பதில்லை. அழத் தெரியாத ஒரு பிள்ளையின் கண்ணீர் அந்தக் கல்லின்மேல் நிறமாக ஓடியிருந்தால், அதை வீண் என்று சொல்ல நான் யார்?

"அப்படியானால் நிய்யத் நன்றாக இருந்தால் எதையும் செய்யலாமா, ஹஜ்ரத்?" என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. நல்ல நிய்யத் ஆகுமானதை அமலாக உயர்த்தும், ஹராமை ஹலாலாக்காது. வட்டிப் பணத்தில் பள்ளிவாசல் கட்ட நிய்யத் வைத்தால் வட்டி ஹலாலாகிவிடுமா? ஆகவே இதற்கும் வரம்புகள் உண்டு. உயிருள்ளவற்றின் உருவம் அதில் நுழையக்கூடாது. வக்துத் தொழுகை அதனால் தவறக்கூடாது. மனைவி மக்கள், தாய் தந்தையரின் உரிமையான பொருளையும் நேரத்தையும் அது தின்னக்கூடாது.

நான்காவதாக ஒரு வரம்பு இருக்கிறது, அதுதான் நுட்பமானது. அபூ ஜஹ்ம் (ரலி) அன்பளித்த, கோலமிட்ட போர்வை ஒன்றை அணிந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுதார்கள். தொழுகையில் அதன் கோலங்கள் கவனத்தை ஈர்த்ததால், தொழுது முடித்ததும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரிடமிருந்த கோலமில்லாத போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வெறும் கோலமும் மனத்தை இழுக்கும் என்பதற்கு இது ஆதாரம். கவனியுங்கள்: அந்தப் போர்வையை அவர்கள் கிழிக்கவுமில்லை, நெய்தவரைப் பழிக்கவுமில்லை. தொழும் இடத்திலிருந்து அகற்றினார்கள், அவ்வளவுதான். "நீ வரைந்ததை வீட்டில் கிப்லாவின் பக்கம் மட்டும் மாட்டாதே" என்று அந்த வாலிபரிடம் சொன்னேன்.

உருவமில்லாத கோடுகளால் பாடமும் நடத்த முடியும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் கீறி, அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோடும், பக்கங்களில் சிறு கோடுகளும் கீறி, மனிதனையும் அவனைச் சூழ்ந்த ஆயுளையும், ஆயுளைத் தாண்டி நீளும் ஆசையையும், அவனைத் தாக்கக் காத்திருக்கும் சோதனைகளையும் விளக்கியதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்தக் கோடுகள் அன்றே அழிந்திருக்கும். அவை சொன்ன பாடமோ இன்றும் நம் கையில் இருக்கிறது.

கலைஞர்களுக்கு உள்ள பெரிய சோதனை பெயர்தான். நம் தமிழகத்தில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரமாக 1966ஆம் ஆண்டு கே.சி.எஸ். பணிக்கர் முதலியோர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். கைத்தொழிலில் சம்பாதித்துக்கொண்டு, சுதந்திரமாக ஓவியம் தீட்டுவது அவர்கள் எண்ணம். வடக்கே பரோடாவில் 1972 முதல் ஆசிரியையாக இருந்து 1990ல் மறைந்த நஸ்ரீன் முஹம்மதி பிற்காலத்தில் பெரும்பாலும் கோடுகளையே ஆராய்ந்தார். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்போ தேதியோ அவர் இடவில்லை. அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். ஆனால் தலைப்பும் தேதியும் இல்லாமல் ஒரு வேலையை விட்டுச் செல்ல முடியும் என்பதை நினைக்கும்போது, துண்டுப் பிரசுரத்தில் தம் பெயர் சிறிய எழுத்தில் வந்துவிட்டதே என்று வருந்தும் நம்மைப் போன்ற ஆலிம்களுக்கு அதில் ஒரு பாடம் இருப்பதாகப் படுகிறது.

முகஸ்துதிக்குத் திருமறை சொல்லும் உவமையே வழுவழுப்பான தளம்தான். மக்களுக்குக் காட்டுவதற்காகச் செலவிடுகிறவனை, மண் படிந்த வழுக்குப் பாறைக்கு ஒப்பிடுகிறது ஸூரத்துல் பகராவின் 264ஆம் வசனம். பெருமழை வந்து அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு போகிறது. பாறை மொட்டையாக நிற்கிறது. இந்த வசனத்தை எத்தனையோ ஜும்ஆவில் ஓதி விளக்கியிருக்கிறேன். குழாய் நீரில் அந்தக் கல் வெளுத்ததை என் கண்ணாலேயே பார்த்தும், அப்போது அது நினைவுக்கு வரவில்லை. அன்று கழுவப்பட வேண்டியது அவருடைய நிறமா, ‘நல்ல நஸீஹத் செய்தேன்’ என்ற என் திருப்தியா?

வழுவழுப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாவம் செய்தால் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது, தவ்பா செய்தால் உள்ளம் மெருகேறுகிறது என்று திர்மிதியில் வரும் ஹதீஸ் சொல்கிறது. ஆஹார் பூசிய காகிதத்தில் பிழையைத் துடைக்க முடிவதைப் போல, மெருகேறிய உள்ளத்தில் கறை நிலைப்பதில்லை. ஆக, வழுக்குப் பாறையில் நன்மை தங்கவில்லை. மெருகிட்ட உள்ளத்தில் தீமை தங்கவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்று; வேறுபாடு இக்லாஸில் இருக்கிறது.

நம் மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்கு மண்ணைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1957ல் நெய்வேலியில் சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாள் முதல், கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றுவதே இங்கே பெரிய வேலை. அதில் கிடைக்கும் வெள்ளைக் களிமண் பக்கத்து விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலுக்கு உதவியது. களிமண் நீரைக் குடிக்கும். அதே களிமண் மெருகு பூசிச் சூளையில் வெந்துவிட்டால் ஒரு சொட்டும் உள்ளே போகாது. ஓதி ஓதி மெருகேறிய எங்களைப் போன்றவர்களின் உள்ளமும், ஒரு தாயின் துயரம்கூட உள்ளே இறங்காதபடி வெந்து கெட்டியாகிவிடக்கூடாதே என்று அஞ்சுகிறேன்.

அந்த வாலிபரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க போய் ஏங்க ஹஜ்ரத்" என்று அவர் கூசினார். இப்போது மீண்டும் வரைகிறார். ஃபஜ்ருக்கு எல்லா நாளும் வருகிறார் என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் வருகிறார். வரும் நாட்களில் அவர் விரல் நகங்களில் நீல நிறம் இருக்கும். நகத்தின்மேல் நிறம் கெட்டியாகப் படிந்து நீரைத் தடுத்தால் உளூ கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். "வாட்டர் கலர்தானே ஹஜ்ரத், தண்ணி பட்டா போயிடும்" என்றார். ஹவுழில் கை வைத்தார், போய்விட்டது.

யா அல்லாஹ்! நாங்கள் செய்பவற்றை மழைக்கு முன் வெளுத்துப் போகும் பாறை மண்ணாக ஆக்கிவிடாதே! பிறர் துயரம் இறங்கும் ஈரத்தை எங்கள் உள்ளங்களில் வைப்பாயாக! தெரியாததைச் சொல்லும் அவசரத்திலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.